குபா பள்ளிவாசலுக்குப் போகும் முன்

மதீனாவில் தங்கும் அறையிலேயே ஒளு (தொழுகைக்காக முகம், கை, கால் கழுவும் தூய்மை) செய்துகொண்டு கிளம்புங்கள். குபாவில் தொழுதால் ஓர் உம்ராவின் (மக்காவுக்குச் சென்று செய்யும் வழிபாடு) நன்மை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்னு மாஜா தொகுப்பில் வரும் அந்த ஹதீஸ் (நபிமொழி), வீட்டில் தூய்மை செய்துகொண்டு வந்து தொழுபவரைப் பற்றித்தான் பேசுகிறது. பள்ளிக்குப் போய் ஒளு செய்துகொள்ளலாம் என்று பஸ் ஏறுபவர்கள் கோட்டை விடுவது இதைத்தான். வழியில் ஒளு முறிந்தால் அங்கே புதுப்பித்துக்கொள்ளுங்கள், மனம் நோக வேண்டாம். இஹ்ராம் (உம்ராவுக்கான ஆடையும் நிய்யத்தும்) தேவையில்லை; கடமையான உம்ராவுக்கு இது ஈடும் ஆகாது.

அடுத்தது நேரம். சுப்ஹு (அதிகாலைத் தொழுகை) தொழுததும் ஓடிப்போனால், சூரியன் உதித்து 15, 20 நிமிடம் ஆகும்வரை நஃபில் (கடமையல்லாத தொழுகை) தொழ முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அஸருக்கும் (பிற்பகல் தொழுகை) மஃரிபுக்கும் (சூரியன் மறைந்ததும் தொழுவது) இடையிலும் அப்படியே. ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழிகளில் ஒன்று) தஹிய்யத்துல் மஸ்ஜிதுக்கு (பள்ளியில் நுழைந்ததும் தொழும் தொழுகை) விலக்கு உண்டுதான், ஆனால் அதற்கென்றே அந்த நேரம் பார்த்துப் போவது சரியல்ல. ஜியாரா பஸ் (புனித இடங்களைச் சுற்றிக்காட்டும் பஸ்) அஸருக்குப் பின் கிளம்புவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நபி (ஸல்) சனிக்கிழமைதோறும் நடந்தும் வாகனத்திலும் குபா வருவார்கள் என்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அதனால் அன்று கூட்டம் அதிகம். சனிக்கிழமைதான் வேண்டும் என்றால் சூரியன் ஏறியதும் போய்விடுவது நல்லது.

நபியின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவியின் தெற்கே, அதாவது தொழும் திசையான கிப்லா பக்கம், நடப்பவர்களுக்கென்றே குபா வரை பாதை இருக்கிறது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். முதியவர்களுக்கு பேட்டரி வண்டி கிடைக்கும், கட்டணத்தை ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். கோடையில் மதீனா 45 டிகிரியைத் தொடும். பகலில் இந்த நடை வேண்டாம்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாசல் தனித்தனி. பிரிவதற்கு முன் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைப் பேசிவைக்காத குடும்பங்கள்தான் வெளியே போனும் கையுமாக நிற்கும். செருப்பை வாசலில் விடாமல் பையில் போட்டு உள்ளே கொண்டுபோங்கள். வேறு வாசலில் வெளியேறினால் சுடும் தரையில் வெறுங்காலோடு சுற்றி வரவேண்டியிருக்கும்.

உள்ளே நபி (ஸல்) 622-ல் எழுப்பிய சுவரைத் தேடவேண்டாம். இப்போதுள்ள நான்கு மினாரா கட்டடம் 1986-ல் எழுந்தது. நடு முற்றத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளைப் பளிங்கு. மேலே வெயிலுக்கு விரிக்கும் கூரைத்துணி. நடைவழியை விட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளி நின்று இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

திரும்பும்போது வடக்கே ஒரு கிலோமீட்டருக்குள் மஸ்ஜித் ஜுமுஆ வரும். ஹிஜ்ரத்தில் (மக்காவிலிருந்து மதீனாவுக்கு இடம்பெயர்ந்தபோது) குபாவிலிருந்து புறப்பட்ட நபி (ஸல்) முதல் ஜுமுஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) தொழுத இடம் அது. ஜியாரா பஸ்கள் பல அங்கே நிற்பதில்லை, ஆகவே நடந்து வந்தவர்கள் அதையும் பார்த்துவிடலாம்.