பிள்ளையின் இடுப்பை அளந்து பாருங்கள்

"பிள்ள கொழுகொழுன்னு இருக்கட்டும், வளந்தா சரியாயிரும்" என்று விட்டுவிடாதீர்கள், ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். தையல் டேப்பை எடுத்து, பிள்ளை மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி அளங்கள். உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, 130 செ.மீ. உயரத்துக்கு 65. தாண்டினால் டாக்டரிடம் காட்டி பிரஷர், கொலஸ்ட்ரால் பாருங்கள்.

பட்டினி போடாதீர்கள், வளரும் உடம்பு. நாகர்கோவில் பக்கம் சாயங்காலம் ஆனால் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், பழம்பொரிதான், சரி, அந்த ஏத்தன்பழத்தையே ஆவியில் அவித்துக் கொடுங்கள், சாளை (மத்தி) மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள், மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை)க் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள். அப்புறம் தினமும் 60 நிமிடம் வியர்க்க ஓடி விளையாடட்டும், டியூஷனைத் தள்ளி வைத்தாவது.