கருவி வாங்கும் முன் குடிநீரைச் சோதியுங்கள்: கிணறும் போரும் வைத்திருப்போருக்கு ஒரு வழிகாட்டி

கிணற்று நீரை அள்ளிப் பார்த்து, தெளிவாக இருக்கிறது, வாயில் வைத்தால் இனிக்கிறது, ஆகவே நல்ல தண்ணீர் என்று முடிவு செய்வதே நம் ஊர்களில் நெடுங்காலப் பழக்கம். முப்பது நாற்பது அடியில் ஊற்று கிடைத்த காலத்தில், கலங்கலும் உப்புமே பெரிய குறைகளாக இருந்தவரை, கண்ணும் நாக்கும் ஓரளவு போதுமானவையாக இருந்தன. இன்று நம்மை நோயாளியாக்கக்கூடிய ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, நாக்குக்குத் தெரியும் சுவையும் இல்லை. அப்படியிருந்தும், சோதனை என்ற ஒன்றைச் செய்யாமலேயே பல ஆயிரம் ரூபாய்க்கு, நுண்ணிய சவ்வு வழியே நீரை வடிகட்டும் ஆர்.ஓ. கருவியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, பிறகு அது எதை நீக்குகிறது என்று கேட்கும் வீடுகளே மிகுதி. வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் கருத்து. முதலில் சோதனை, அதன் பின்னரே கருவி. பல வீடுகளுக்குக் கருவியே தேவைப்படாமலும் போகலாம்.

நிலத்தடி நீர் மாறியதற்குக் காரணங்கள் பல. மழை பொய்த்த ஆண்டுகளிலும் அளவுக்கு மீறி இறைத்த இடங்களிலும் நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணறுகள் நூற்றுக்கணக்கான அடிகளுக்குப் பாறைக்குள் சென்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் அந்தக் கருங்கல் பாறைகளிலேயே ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உள்ளன; ஆழத்தில் நெடுநாள் தேங்கிய நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. கடற்கரையிலோ, நன்னீர் குறைந்த இடத்தை நிரப்பக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாகவே இது நடந்துவருகிறது. மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை சில நாள்களில் கொட்டித் தீர்க்கும்போது, செப்டிக் டேங்கும் சாக்கடையும் கிணற்று வாயும் ஒரே வெள்ளத்தில் மூழ்கிவிடுகின்றன. இவற்றோடு வயலில் இட்ட யூரியாவும் மாட்டுத் தொழுவக் கழிவும் மண்ணுக்குள் இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றைச் சேர்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் இந்த இறக்கம் இன்னும் விரைவாக நிகழ்கிறது.

எதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்?

ஆய்வகத்துக்குப் போய் "தண்ணீரைச் சோதியுங்கள்" என்று மட்டும் சொன்னால், பொதுவான சில அளவுகளைப் பார்த்துத் தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எதைத் தேடுகிறோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். எல்லா இடத்திலும் கேட்க வேண்டியவை கார அமிலத்தன்மை, மொத்தக் கரைந்த உப்புகள் எனப்படும் டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, மலக்கிருமிகளைக் காட்டும் கோலிஃபார்ம் சோதனை ஆகியவை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை போன்ற தோல் பதனிடும் ஊர்களின் சுற்றுப்புறத்தில் இருப்பவர்கள் தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஏற்படுத்திய கேட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இலேயே விரிவான தீர்ப்பு வழங்கியிருக்கிறது. குரோமியம் வரம்புக்கு மேல் இருந்தால், வீட்டுக் கருவியை நம்பிக்கொண்டிருக்காமல் அந்த நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் புகார் அளிப்பதே சரி.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் ஆய்வகங்கள் உள்ளன. பொதுமக்களும் கட்டணம் செலுத்தி அங்கே மாதிரியைக் கொடுக்கலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஊராட்சிகளுக்குக் கள ஆய்வுப் பெட்டிகள் தரப்பட்டு, அவற்றைப் பயன்படுத்த ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைகளில் பேனா வடிவில் கிடைக்கும் டி.டி.எஸ். மானியைப் பற்றி இங்கே ஒரு சொல். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். அந்த உப்பு எது என்பதையோ, நீரில் கிருமி இருக்கிறதா என்பதையோ அதனால் சொல்ல இயலாது. மானியில் 400 என்று காட்டும் நீரில் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டியிருக்கலாம். 900 என்று காட்டும் நீர் சுவையில் மட்டுமே குறைந்ததாக இருக்கலாம். விற்பனையாளர் அந்தப் பேனாவை உங்கள் குவளைக்குள் விட்டு எண்ணைக் காட்டி அச்சுறுத்தும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்கும் முறை

வேதியியல் சோதனைக்கு இரண்டு லிட்டர் கொள்ளும் தூய பிளாஸ்டிக் கலம் போதும். எண்ணெயோ மருந்தோ இருந்த கலம் கூடாது. போர் என்றால் மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து அல்லாமல் நேராகக் குழாய் வாயிலிருந்தே பிடிக்க வேண்டும். அதே நீரால் கலத்தை மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். கிருமிச் சோதனைக்கு நம் வீட்டுக் கலம் உதவாது. ஆய்வகத்திலேயே நுண்ணுயிர் நீக்கிய குப்பியை வாங்கி வந்து, கையின் விரல் குப்பியின் வாயிலோ மூடியின் உட்புறத்திலோ படாமல் பிடித்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் கூடிய வரை ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயிலில் இருசக்கர வண்டியில் தொங்கவிட்டு மாலையில் கொடுத்த மாதிரி, கிணற்றைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது கோடையின் முடிவில் ஒன்றும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஒன்றும் எடுப்பது நல்லது. உப்புகள் செறிந்திருப்பது பெரும்பாலும் முன்னதில் தெரியும், மழைநீரோடு வந்த மாசு பின்னதில் தெரியும்.

அறிக்கையைப் படித்துச் செயல்படுதல்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் இரண்டு வகை எல்லைகளைத் தருகிறது: ஏற்கத்தக்க அளவு ஒன்று, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு மற்றொன்று. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டி.டி.எஸ்.ஸுக்கு இவை 500, 2000, கடினத்தன்மைக்கு 200, 600, ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு 45 என்ற ஒரே எல்லைதான், தளர்வே இல்லை. மலக்கிருமியான ஈ.கோலை 100 மில்லி லிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் எழுதும். அப்படியானால் 45-க்கு இணையான எண் ஏறத்தாழ 10 என்பதைக் கவனிக்காமல் போனால், கெட்ட நீரை நல்ல நீர் என்று படித்துவிடுவோம்.

ஃபுளோரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளுக்கு, நிலைத்த பற்கள் உருவாகும் வயதில் அந்தப் பற்களிலேயே கறை பதிந்துவிடுகிறது; பிறகு எவ்வளவு துலக்கினாலும் போகாது. பல்லாண்டுகள் குடித்த பெரியவர்களுக்கு முதுகும் கழுத்தும் மூட்டுகளும் இறுகி, குனிய நிமிர முடியாத நிலை வருகிறது, அதை மருந்தால் மாற்ற இயலாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசேர்த்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அத்தகைய குழாய் நீர் வீட்டுக்கு வருகிறதென்றால், சுவை பிடிக்கவில்லை என்று போர் நீருக்குத் திரும்பக் கூடாது. குடிப்பதற்கு மட்டும் குழாய் நீர், உலைக்குப் போர் நீர் என்று பிரிப்பதும் தவறு; சோறும் களியும் கூழும் உறிஞ்சும் நீர் முழுவதும் வயிற்றுக்குத்தான் போகிறது. ஃபுளோரைடு மிகுந்த நீர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீராகவே இருக்கும். பருப்பு நன்றாக வேகிறது, சோப்பு நுரைக்கிறது என்று நாம் மெச்சும் நீர் அது.

குழாய் நீர் வராத இடங்களில், கூரையில் விழும் மழைநீரைச் சேமிப்பதே ஃபுளோரைடுக்கு மிக எளிய மாற்று. மழைநீரில் அது அனேகமாக இல்லை. முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவிய பின், மணலும் கரியும் கொண்ட வடிகட்டி வழியே மூடிய தொட்டியில் சேர்த்து, கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. கருவி ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அந்தப் பயன் குறைந்துவிடும், ஒரு குடம் நல்ல நீருக்கு அதைவிடக் கூடுதலான நீரைக் கழிவாகவும் அது வெளியே தள்ளும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும் உண்டு என்றாலும், அளவு தவறினால் நீரில் அலுமினியம் தங்கிவிடுமாதலால் பயிற்சி பெற்றவர் துணையின்றிச் செய்ய வேண்டாம்.

நைட்ரேட் பற்றி இளந்தாய்மார் அறிந்தே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாயக்கூடும்; அப்படிக் கண்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது இங்கே ஆபத்தான நம்பிக்கை. கொதிநிலை கிருமியைக் கொல்லும். நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் தொடாது, நீர் ஆவியாகக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றே கூடவும் செய்யும்.

வெள்ளத்துக்குப் பின் கிணற்றைத் தூய்மைப்படுத்துதல்

முதலில் கலங்கிய நீரை இறைத்து வெளியேற்றி, புது ஊற்று ஊறித் தெளியும் வரை காத்திருக்க வேண்டும்; சேறு கலந்த நீரில் குளோரின் வீணாகிவிடும். பிறகு கிணற்றின் விட்டத்தையும், கல் கட்டிய கயிற்றை இறக்கி நீரின் ஆழத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். மூன்று மீட்டர் விட்டமும் நான்கு மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 28,000 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் அதற்கு 70 கிராம் தேவை. திறந்து வைத்துப் பழசான பொட்டலத்தில் குளோரின் பெரும்பகுதி பறந்துபோயிருக்கும் என்பதால், மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள புதிய தூளையே வாங்குங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தை அதன் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

தூளை வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும், மேலே தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை ஆட்டி நன்கு கலக்க வேண்டும். படிந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் நீரின் கடினத்தன்மைதான் கூடும். ஒரு மணி நேரம் யாரும் நீர் இறைக்கக் கூடாது. அதன் பின் குளோரின் சோதனைப் பெட்டியால் பாருங்கள்: லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் குளோரின் எஞ்சியிருந்தால் போதும். எதுவும் காட்டவில்லையென்றால் கிணற்றில் மாசு அவ்வளவு மிகுதி என்று பொருள், முழு முறையையும் மீண்டும் செய்ய வேண்டும்.

செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இல்லையென்றால், எத்தனை முறை பவுடர் போட்டாலும் கிருமி திரும்பவே செய்யும். குளோரின் முற்றிலும் அடங்கிய சில நாள்களுக்குப் பிறகு மீண்டும் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்குக் கொடுத்து, வரும் அறிக்கையைத் தேதியுடன் பழைய அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். மின் கட்டண அட்டை இருக்கும் அதே உறையில் வைத்தால் தேட வேண்டியிருக்காது, அடுத்த கோடையில் எண்கள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று ஒப்பிட்டும் பார்க்கலாம்.