பழைய மரப்படகில் ஜன்னல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகனில் பிறந்த கிரிஸ்-கிராஃப்ட், பால்டிமோரின் ஓவன்ஸ், ஒஹையோவின் மேத்யூஸ் என்று 1950களிலும் 60களிலும் அமெரிக்க ஏரிகளில் ஓடிய கேபின் படகுகள் பல இன்றும் கொட்டகைகளில் புதுப்பிக்கப்படுகின்றன. இந்தக் காலத்து மரப்படகுகளில் ஒரு ஜன்னல் வகையை அடிக்கடி பார்க்கலாம். கேபின் பக்கவாட்டுப் பலகையிலேயே ரிபேட் (விளிம்பில் வெட்டிய படிப்பள்ளம்) எடுத்து, கண்ணாடியை அதில் உட்காரவைத்து, மேலே மரப் பீடிங் (கண்ணாடியைப் பிடிக்கும் ஒடுங்கிய மரச்சட்டம்) வைத்துத் திருகியிருப்பார்கள். பார்க்க எளிய வேலை. ஆனால் புதுக் கண்ணாடி போட்ட அடுத்த மழைக்கே ஒழுகும் படகுகள் ஏராளம். காரணம் பெரும்பாலும் கண்ணாடியில் இருக்காது. மரம் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும்; கண்ணாடி அசையாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சீலன்ட் (தண்ணீரை அடைக்கும் மென்பொருள்) ஒட்டும் பசை அல்ல, மெத்தை. இதை மறந்து செய்யும் வேலைதான் கீழே வரும் தவறுகளில் பாதிக்குமேல்.

ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கழற்றுவது

ஜன்னலின் கீழ்மூலையில் கறை இருந்தால் ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேபின் கூரை விளிம்பு, கைப்பிடிக் கம்பியின் திருகுகள், விளக்கின் அடித்தளம் என எங்கோ நுழைந்த தண்ணீர் பலகைக்குள் இறங்கி ஜன்னல் வெட்டில் வெளியே வரும். அதனால் கழற்றும் முன் தோட்டக் குழாயால் சோதியுங்கள். கீழ் விளிம்பில் ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, மெதுவாக மேலே போங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நனையும், எது காரணம் என்று தெரியாது. அழுத்தமாகப் பீய்ச்சும் வாஷர் வேண்டவே வேண்டாம். நல்ல ஜன்னலையும் அது ஒழுகவைக்கும்.

பீடிங்கை நெம்பி எடுப்பது

பழைய பீடிங்கின் திருகுகள் பெரும்பாலும் மரத்தக்கைக்கு அடியில் ஒளிந்திருக்கும். வார்னிஷுக்கு மேலிருந்து பார்த்தால் சிறு வட்டமாக, ரேகை கொஞ்சம் மாறித் தெரியும். அதைக் கவனிக்காமல் உளியை விட்டு நெம்பினால் பீடிங் உடையும், கூடவே ரிபேட்டின் உதடும் பிளக்கும். தக்கையின் நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, ஒரு மரத்திருகை அதில் முடுக்குங்கள். அதன் முனை உள்ளிருக்கும் திருகின் தலையில் முட்டியதும் தக்கை தானாக மேலே ஏறி வரும். பிறகு பழைய திருகின் பள்ளத்தில் படிந்த வார்னிஷைக் கூரான கம்பியால் சுரண்டிவிட்டு, பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் மட்டும் திருப்புங்கள். அசையாவிட்டால் சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் ஓரிரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி முயலலாம். அதற்கும் மசியாவிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டு பீடிங்கைக் காப்பாற்றுங்கள். தண்டைப் பிறகு பிடுங்கலாம். ஒவ்வொரு பீடிங்கின் பின்பக்கமும் எந்த ஜன்னல், எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவை ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அந்தக் காலத்துப் பெயின்ட்டிலும் புட்டியிலும் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். காய்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, தூளைச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். துணி முகமூடி போதாது, தூசி வடிகட்டும் மாஸ்க் அவசியம்.

இன்னொன்று: ஒரு பக்கத்து ஜன்னல்கள் அனைத்தையும் ஒரே நாளில் கழற்றிவிடாதீர்கள். ஜன்னல்களுக்கு நடுவில் இருப்பது ஒடுங்கிய பலகைத் துண்டுதான். கழற்றியே ஆகவேண்டும் என்றால் உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து வடிவத்தைப் பிடித்துவையுங்கள்.

மக்கிய மரத்தை எபாக்ஸியால் மூடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. இதில் அவசரப்பட்டால் மற்ற எதையும் சரியாகச் செய்து பயனில்லை.

கீழ் ரிபேட்டும் அதன் இரண்டு மூலைகளும்தான் முதலில் மக்கும். தண்ணீர் தேங்குவது அங்கே. பக்கச்சட்டத்தின் வெட்டுமுனை திறந்திருந்து ஈரத்தை உறிஞ்சுவதும் அங்கே. கூரான குத்தூசியால் 2 செ.மீ.க்கு ஒரு முறை குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைப் பிடித்துக்கொள்ளும், சிராய் நீளமாக எழும்பும். மக்கிய மரத்தில் ஊசி தடையில்லாமல் இறங்கும், சிராய் குட்டையாக ஒடியும். மேலே வார்னிஷ் பளபளத்தாலும் உள்ளே இப்படி இருக்கலாம்.

எபாக்ஸியை, அதாவது இரண்டு பாகம் கலந்து இறுகவைக்கும் பிசினை, நீர்க்கவைத்து ஊற்றினால் மக்கிய மரம் கெட்டியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். அது மேலே சில மில்லிமீட்டர் ஊறி ஓடாக நிற்கும். அடியில் ஈரமும் பூஞ்சையும் அப்படியே சிறைப்படும், இரண்டு மூன்று பருவத்தில் ஓட்டுக்கு அடியில் பொள்ளலாகும். மக்கிய பகுதியை வெட்டி எடுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் 5 செ.மீ. வரை வெட்டுங்கள். அதே இன மரத்தில், ரேகை அதே திசையில் ஓடும்படி ஒட்டுத்துண்டு போடுங்கள். முனைகளை நேர்வெட்டாக மோதவிடாமல் 1-க்கு 8 என்ற சரிவில் சீவிச் சேர்க்க வேண்டும். 20 மி.மீ. கனமுள்ள பலகைக்கு 160 மி.மீ. நீளச் சரிவு. நேர்வெட்டு இணைப்பு எவ்வளவு நல்ல பசையிலும் ஒருநாள் மயிரிழை திறக்கும்; தண்ணீருக்கு அது போதும்.

ஒட்டும் முன் ஈரமானியால் அளந்து பாருங்கள். எபாக்ஸிக்கு மரத்தின் ஈரம் 12 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருப்பது நல்லது. மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடந்த பலகை இந்த அளவுக்கு வரப் பல வாரம் ஆகும். ஹீட்டர் வைத்து ஒரே இரவில் உலர்த்தினால் வெடிப்பு விடும்.

கேபின் பக்கம் பிளைவுட்டாக இருந்தால் வெட்டின் விளிம்புதான் பலவீனம். அடுக்குகளின் நடுவில் 5 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பித் தேய்த்துவிடுங்கள். அடுக்குகளுக்குள் தண்ணீர் போகும் வழி அடையும்.

திருகுகளைச் சுற்றியுள்ள கறுப்புக் கறை மக்கல் அல்ல. இரும்பும் மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாவது. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் போகும். அதன்பின் நன்றாகக் கழுவி உலரவிடாமல் தேய்த்தால் அமிலப்படிகம் தூசாகி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

பழைய கண்ணாடியை அளவாக வைத்துப் புதியதை வெட்டக் கொடுப்பது

அறுபது ஆண்டுகளில் திறப்பின் வடிவம் மாறியிருக்கும். இடப்பக்கத்து ஜன்னலும் வலப்பக்கத்து ஜன்னலும் முதல் நாளிலிருந்தே ஒன்றுபோல இருந்திருக்காது. ஒவ்வொரு திறப்புக்கும் தனித்தனியாக 3 மி.மீ. ஹார்டுபோர்டில் அச்சு வெட்டி, ரிபேட்டில் வைத்துப் பார்த்து, வெளிப்பக்கம் எது, மேல் எது என்று குறியுங்கள். அச்சு சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டு உட்கார வேண்டும். இறுக்கமாகப் பொருந்துவது இங்கே குறை. மூலைகள் வளைந்திருந்தால் வளைவாகவே விடுங்கள். வளைவான மூலையைக் கூர்மூலையாக மாற்றினால் மரத்தின் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அச்சை வைத்தபிறகு நான்கு மூலையும் படிகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை 2 மி.மீ. தூக்கி நின்றால் பலகை முறுக்கியிருக்கிறது என்று பொருள். பீடிங் திருகால் இழுத்துக் கண்ணாடியை வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்தால் அன்றைக்கோ முதல் குளிரிலோ அது விரியும். ரிபேட்டைச் சீவிச் சமதளமாக்குங்கள், அல்லது அந்த இடத்தில் சீலன்ட் படுகையைக் கனமாக்குங்கள்.

பொருளைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது

படகில் சாதாரணக் கண்ணாடி கூடாது. உடைந்தால் கத்தியாகும். லாமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் நடுப்படலத்தில் ஒட்டி நிற்கும், கடைக்காரர் வெட்டியும் தருவார். ஆனால் அதன் விளிம்பில் தண்ணீர் நின்றால் படலம் ஈரம் இழுத்து ஓரம் பால் போல வெளுக்கும். விளிம்பு முழுவதும் சீலன்ட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். டெம்பர்டு கண்ணாடி பலமானது. அதைப் பதப்படுத்திய பின் வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு 2 மி.மீ. பிசகினாலும் புதிதாகத்தான் செய்யவேண்டும்.

அக்ரிலிக் இலேசானது, மெல்லிய வளைவுக்கு ஈடுகொடுக்கும். தகடின் கனத்தைப்போல் சுமார் 200 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைத்தால் போதும், 6 மி.மீ. தகடுக்கு 1.2 மீட்டர். ஆனால் வெப்பத்தில் அது கண்ணாடியைப்போல் ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத் தகடு 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும்; அதே நீளக் கண்ணாடி அரை மி.மீ. கூட நீளாது. ஆகவே அக்ரிலிக்கை நேராகத் துளைத்துத் திருகும் முறையில் துளை திருகைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும், தலையின் அடிப்பக்கம் தட்டையான திருகும் வாஷரும்தான் போட வேண்டும். கூம்புத்தலைத் திருகு ஆப்பு அடித்ததுபோல வேலைசெய்து நட்சத்திர விரிசல் உண்டாக்கும். பாலிகார்பனேட் அடிக்குத் தாங்கும், ஆனால் எளிதில் கீறும், பூச்சில்லாத தகடு வெயிலில் மஞ்சளிக்கும். இந்த இரண்டையும் அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தாலோ அசிட்டோனாலோ துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் போதும்.

பழைய படகின் தட்டையான ஜன்னலுக்கு லாமினேட்டட் கண்ணாடியே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கீறாது, மங்காது, படகின் காலத்துக்கும் ஒத்துப்போகும். திறந்த கடலுக்குப் போகும் படகென்றால் கனத்தை ஊகிக்காமல் ஐஎஸ்ஓ 12216 தரநிலைப்படி கணக்கிடுங்கள்.

கையில் கிடைத்த சீலன்ட்டைப் போடுவது

கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே பாலிசல்ஃபைடு வகைச் சீலன்ட் நல்லது. மென்மையாக இருக்கும், மேலே வார்னிஷோ பெயின்ட்டோ பூசலாம், நாளை கழற்றவும் முடியும். அதையே அக்ரிலிக்கிலோ பாலிகார்பனேட்டிலோ போட்டால் தகடு நொறுங்கும், வெடிப்பு விடும். பிளாஸ்டிக் தகடுகளுக்கு பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் நாடா) அல்லது நியூட்ரல் க்யூர் சிலிக்கான் (இறுகும்போது அமிலம் விடாத வகை).

சிலிக்கானின் சிக்கல் வேறு. மரத்தில் ஒருமுறை பட்டால் அந்த இடத்தில் வார்னிஷ் பிடிக்காது, மீன்கண் போல வட்டமிட்டு விலகும். போட்டே ஆகவேண்டும் என்றால் கடைசிப் பூச்சு வார்னிஷும் முடிந்து இறுகிய பிறகு, அக்கம்பக்கம் டேப் ஒட்டி மறைத்துப் போடுங்கள். 3எம் 5200 போன்ற நிரந்தர ஒட்டுப்பசை ஜன்னலுக்கு வேண்டாம். அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது மரமும் பிய்ந்து வரும்.

பாலியுரேத்தேன் சீலன்ட் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது இறுகும் முன் ஸ்பிரிட் தொட்ட விரலால் வழித்தால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலும் அதன் பிடியைக் கெடுக்கும். பீடிங் மறைக்காத இடத்தில் கறுப்புப் பிரைமர் தேவை.

பூச்சில்லாத மரத்தில் சீலன்ட் வைப்பது, பிறகு அதைப் பிழிந்து எடுப்பது

இழைத்த மரத்தில் நேரடியாகச் சீலன்ட் வைத்தால் மரம் அதிலுள்ள எண்ணெய்ப்பசையை உறிஞ்சும், பிடிமானம் போகும். ரிபேட்டுக்கும் பீடிங்கின் பின்பக்கத்துக்கும் நீர்த்த வார்னிஷ் மூன்று கை பூசி, முழுதாகக் காயவிட்டு, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தேக்காக இருந்தால் பூசும் முன் அசிட்டோனால் துடைத்து எண்ணெயை எடுங்கள். திருகுத் துளைகளுக்குள்ளும் வார்னிஷ் போகட்டும்.

கீழ் விளிம்பில், இரு ஓரத்திலிருந்தும் கால்பங்கு தள்ளி, 3 மி.மீ. கனத்தில் நியோப்ரீன் கட்டை இரண்டு வைத்து அதன்மேல் கண்ணாடியை நிறுத்துங்கள். முகத்திலும் 2 மி.மீ. இடைவெளித் துண்டுகள் அங்கங்கே இருக்கட்டும். இவை இல்லாமல் திருகை முடுக்கினால் சீலன்ட் முழுவதும் வெளியே பிதுங்கி, காகித அளவுப் படலம்தான் மிஞ்சும். மரம் ஒரு மி.மீ. அசைந்தாலே அந்தப் படலம் கிழிந்துவிடும். 2 மி.மீ. படுகை அதையே தாங்கும். இடைவெளித் துண்டு இருந்தால் ‘இன்று பாதி, அடுத்த வாரம் மீதி’ என்று இரண்டு முறை முடுக்க வேண்டியதில்லை. பாதி இறுகிய சீலன்ட்டில் திருகைத் திருப்பினால் திருகைச் சுற்றியிருக்கும் அடைப்புதான் அறுபடும்.

அளவுக்கு ஒரு கணக்கு. சுற்றளவு 2 மீட்டர் உள்ள ஜன்னலுக்கு, டியூபிலிருந்து பிதுக்கும் 8 மி.மீ. கனச் சீலன்ட் திரி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 மி.லி. பிடிக்கும். உள்முகம், வெளிமுகம் இரண்டுக்கும் 200 மி.லி. ஒரு ஜன்னலுக்கு 300 மி.லி. டியூப் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திரியை இடைவிடாமல், ஒரே ஓட்டமாகப் போட வேண்டும். நடுவில் டியூப் தீர்ந்தால் இணைப்பில் காற்றுக்குமிழி மாட்டும். பீடிங் எல்லாப் பக்கத்திலும் சீலன்ட் சீராகப் பிதுங்கும் வரை, எதிரெதிர் திருகுகளாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். எங்கே பிதுங்கவில்லையோ அங்கே வெற்றிடம் இருக்கிறது; உடனே திறந்து நிரப்புங்கள்.

திருகு சிலிக்கான் வெண்கலமாக (சிலிக்கான் தனிமம் கலந்த செம்புக் கலவை; மேலே சொன்ன சீலன்ட் அல்ல) இருக்கட்டும். பித்தளை உப்புநீரில் துத்தநாகம் கரைந்து செம்பஞ்சாகி ஒடியும். துருப்பிடிக்காத எஃகு ஈர மரத்துக்குள் காற்றில்லாமல் கிடந்தால், தலை பளபளக்க உள்ளே தண்டு அரிக்கும்.

பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போதே துடைக்க முனைந்தால் மரம் முழுக்க அப்பிக்கொள்ளும். பாலிசல்ஃபைடு, காற்றின் ஈரத்தைப் பொறுத்து, ஒன்றிரண்டு வாரத்தில் இறுகும். அதன்பின் கூரான உளியால் சாய்வாகச் சீவி, மேல்புற வார்னிஷ் பூச்சுகளைப் போடுங்கள். கடைசி இரண்டு பூச்சு பீடிங் விளிம்பைத் தாண்டி ஒரு மி.மீ. கண்ணாடிமேல் ஏறட்டும். டேப்பை அந்த அளவுக்குத் தள்ளி ஒட்டினால் போதும்.

வடிகால் துளையை அடைப்பது

நகரும் ஜன்னல்களுக்கு இது தனிச் சிக்கல். கண்ணாடி ஓடும் தடத்தில் தண்ணீர் வரத்தான் செய்யும். அது வெளியேறவே கீழே சிறு துளைகள் இருக்கும். ஒழுகலை நிறுத்துகிறோம் என்று அதைச் சீலன்ட்டால் அடைத்தால் தடம் தொட்டியாகிவிடும். துளைகளை 6 மி.மீ. அளவுக்குத் திறந்து, உட்சுவரில் எபாக்ஸி தடவி, வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். பழைய கம்பளித் தடத்தையும் மாற்றுங்கள். நனைந்த கம்பளி மாதக்கணக்கில் மரத்தை ஈரமாகவே வைத்திருக்கும். இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றி மூடும் முன் அந்தத் துளைகளில் ஒரு கம்பியை விட்டு எடுங்கள்.