வீட்டை வாடகைக்கு விடப் போகிறீர்களா? சாவி கொடுக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

வாடகை வருமானத்துக்காக வீடு வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: வாங்கும் விலை, மாத வாடகை. தொல்லை வருவதோ வேறு பக்கத்தில் இருந்து. வீடு மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும், குழாய் ஒழுகும், வாடகை இழுத்தடிக்கும், காலி செய்யும்போது முன்பணத்துக்காகச் சண்டை வரும். இவற்றில் பலவற்றைச் சாவி கைமாறும் முன்பே தடுத்துவிடலாம். அதற்குப் பிறகு என்றால் செலவும் அலைச்சலும் கூடிவிடும்.

படி 1: கையில் நிற்கும் பணத்தைக் கணக்கிடுங்கள்

மாத வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200. வீட்டை விற்பவர் இந்த 1,200-ஐ வைத்துத்தான் வருமானம் சொல்வார். நீங்கள் அதிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள். ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 100 போகும். பழுது பார்க்க 150, வரிக்கும் காப்பீட்டுக்கும் 100, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவருக்கு 100. மீதி 750. கடன் தவணையை இந்த 750-இல் இருந்துதான் கட்ட வேண்டும். எண்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கழிக்க வேண்டிய இனங்கள் எங்கும் ஏறத்தாழ இவைதான்.

வட்டி மாறக்கூடிய கடன் என்றால், வட்டி 2 சதவீதம் ஏறினாலும் தவணை கட்ட முடியுமா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அப்புறம், மூன்று மாதத் தவணையும் செலவும் தாங்கும் அளவுக்காவது தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். ஒரே மாதத்தில் வீடும் காலியாகி மோட்டாரும் பழுதாவது அபூர்வமே இல்லை.

படி 2: ஆள் வருவதற்கு முன் வீட்டைச் சோதியுங்கள்

பெயின்ட் அடித்தால் வீடு தயார் என்று நினைக்காதீர்கள். வீட்டை அதிகம் கெடுப்பது தண்ணீர்தான்.

தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறையின் பிளஷ் டேங்கில் உணவுக்குப் போடும் வண்ணத்தைச் சில சொட்டு விட்டு, அரை மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிடாமல் இருங்கள். கோப்பைக்குள் வண்ணம் இறங்கியிருந்தால் டேங்கின் வால்வு சரியாக மூடவில்லை. சின்ன உதிரிபாகத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். விட்டுவைத்தால் தண்ணீர் இரவு பகலாக வீணாகும்.

சுவரில் ஈரம் தெரிந்தால் எந்த இடம் என்று கவனியுங்கள். குழாய் போகும் பாதையிலோ குளியலறையின் மறுபக்கத்திலோ இருந்தால் கசிவாக இருக்கலாம். சுவரின் அடியில் நீளமாகப் படர்ந்திருந்தால் தரையில் இருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். காற்றோட்டம் இல்லாத மூலையில் கரும்பூஞ்சை படிந்திருந்தால், பெரும்பாலும் அறையின் நீராவி குளிர்ந்த சுவரில் படிவதால் வருவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் சில மாதங்களில் கறை திரும்பிவிடும், குடியிருப்பவர் மேல் பழி போடும் பேச்சும் கூடவே வரும்.

படி 3: வருபவரை விசாரியுங்கள்

அடையாளச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் கேளுங்கள். வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழங்கும் தோராயக் கணக்கு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். அதுதான் நியாயம், ஆள் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைப் பல நாடுகளில் சட்டமும் தடுக்கிறது.

அவர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் மட்டும் விசாரித்து நின்றுவிடாதீர்கள். தொல்லை தரும் ஒருவரை அனுப்பிவைக்க அந்த வீட்டுக்காரர் நல்லபடியாகச் சொல்லலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு தேவை இல்லை.

படி 4: எழுதுங்கள், படம் எடுங்கள்

ஒப்பந்தத்தில் வாடகை, கட்ட வேண்டிய தேதி, முன்பணம், எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பவை தெளிவாக இருக்கட்டும். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும்.

சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து அறை அறையாகப் போங்கள். தரை, சுவர், கதவுப் பூட்டு, சமையல் மேடை, குழாய்கள் என்று ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள கீறலையும் விரிசலையும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 5: வாடகை தாமதமானால்

வங்கி வழியாக வாங்குங்கள், பணமாகத் தந்தால் ரசீது கொடுங்கள். தேதி தாண்டிய உடனே மரியாதையாக எழுத்தில் நினைவூட்டுங்கள். வேலை போனது, உடல்நலமில்லை என்று உண்மையான காரணம் இருந்தால், பாக்கியைப் பிரித்துக் கட்டும் ஏற்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள். எதற்கும் பதில் இல்லை என்றால் முறைப்படி நோட்டீஸ் அனுப்பி வழக்கறிஞரைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்துவது, பூட்டை மாற்றுவது வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு குடும்பம். பெரும்பாலான நாடுகளில் அது சட்டவிரோதம் என்பதால் வழக்கும் உங்கள் மேலேயே திரும்பும்.

படி 6: வாடகையை உயர்த்தும் முன்

100 வாடகையை 105 ஆக்கினால் மாதம் 5 கூடும். அதனால் இருப்பவர் போய்விட்டு, வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் இழப்பு 100. அதை ஈடுகட்டவே 20 மாதம் ஆகும். ஒழுங்காகக் கட்டி வீட்டையும் நன்றாக வைத்திருப்பவர் என்றால், சந்தை வாடகையைவிடச் சற்றுக் குறைவாக வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

படி 7: காலி செய்யும் நாள்

பழைய பட்டியலையும் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி இருவரும் சேர்ந்து பாருங்கள். வெளுத்த பெயின்டும் நடந்து தேய்ந்த தரையும் புழக்கத்தால் வருபவை, அவற்றுக்குப் பிடித்தம் செய்யக் கூடாது. உடைந்த கதவு, எரிந்துபோன மேடை போன்றவற்றுக்குப் பிடிக்கலாம், ஆனால் பழுது பார்த்த பில்லோடு. மீதி முன்பணத்தைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் திருப்பிக் கொடுங்கள். மீட்டர் எண்களைக் குறித்து இருவரும் கையெழுத்திட்டு, எல்லாச் சாவிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் வருவதற்குள் பூட்டை மாற்றிவிடுங்கள்.