நெல் இலையில் புள்ளியா? மருந்தடிக்கும் முன் வெயிலில் பிடித்துப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் வயல் சரளை கலந்த செம்மண். கண்மாயில் நீர் இருந்தால்தான் விளைச்சல். சென்ற கார்த்திகையில் மழை இடைவெளி விட்டதும் நெல் இலையெங்கும் புள்ளி விழுந்தது. குலைநோய் என்று நினைத்து யூரியாவை நிறுத்தினேன், அதற்கான மருந்தையும் அடித்தேன். புள்ளி கூடிக்கொண்டே போனது. வந்திருந்தது செம்புள்ளி நோய். அந்தக் குழப்பம் உங்களுக்கு வரக்கூடாது.

முதலில் வயலின் நாலைந்து இடங்களில் இலை பறியுங்கள். வரப்போரம் மட்டும் போதாது.

அப்புறம், இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பாருங்கள். செல்போன் படத்தை நான் நம்புவதில்லை, மஞ்சள் நிறம் அதில் சரியாகத் தெரியாது. செம்புள்ளி எள்ளைப் போல நீள்வட்டமாக இருக்கும், சுற்றி மஞ்சள் வளையம் தெரியும். குலைநோய்ப் புள்ளி இரு முனையும் கூம்பிய கண் வடிவம். நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. ஆனால் முற்றிய செம்புள்ளிக்கும் நடுப்பகுதி வெளுக்கும். நான் தவறியது அங்கேதான். அதனால் நடுவை விட்டுவிட்டு முனையையும் வளையத்தையும் பாருங்கள்.

அந்த மஞ்சள் வளையம் நஞ்சு பரவிய தடம். செம்புள்ளிப் பூஞ்சை ஓபியோபோலின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது செல்லின் சவ்வைக் கெடுத்து உள்ளிருக்கும் சத்தை ஒழுகவிடும்; செத்த செல்லைத் தின்று பூஞ்சை வளரும். குலைநோய்ப் பூஞ்சையும் டெனுவாசோனிக் அமிலம், பிரிகுலாரின் போன்ற நஞ்சுகளை விடுகிறது. புள்ளி சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். 1942-ல் வங்காளத்து நெல்லைச் செம்புள்ளி அழித்தது, மறு ஆண்டுப் பஞ்சத்துக்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

சரி, வைத்தியம். குலைநோய் என்றால் யூரியாவை நிறுத்துங்கள், தழைச்சத்து மிஞ்சிய பயிரில்தான் அது வேகமாகப் பரவும். செம்புள்ளி பட்டினி கிடக்கும் பயிரைப் பிடிப்பது. நம் செம்மண்ணில் அது அடிக்கடி வருவதும் அதனால்தான். மண் பரிசோதனை பார்த்து, தழைச்சத்தைப் பிரித்துப் போட்டு, பொட்டாஷும் கொடுங்கள். வயலைக் காயவிடாதீர்கள்.

அடுத்த பட்டத்துக்கு விதையிலேயே தொடங்குங்கள், இரண்டு நோயும் விதை வழியாக வரும். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிலோ கல்லுப்பைக் கரைத்தால், அதில் போடும் முட்டை மேலே மிதக்கும்; உப்பு போதும் என்பதற்கு அதுதான் அடையாளம். அதில் விதையைப் போட்டு, மிதப்பதை அள்ளி எறியுங்கள். மூழ்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். இதோடு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைக் கலக்காதீர்கள், சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா.

பிற்சேர்க்கை: உப்பு போடும் முன்பே முட்டை மிதந்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அது பழைய முட்டை. எங்கள் அப்பத்தா அடை வைக்கும் முன் முட்டையை வெறும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்; மிதந்தால் ஒதுக்கிவிடுவார். நீங்களும் அன்று இட்ட முட்டையையே எடுங்கள்.