கிரகச் சேர்க்கைக்குப் பொருள் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

இரண்டு கிரகங்கள் வானில் நெருங்கி வந்தாலே கைப்பேசியில் பலன்கள் வந்து குவிகின்றன. பலன் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. முன்னோர் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துச் சொன்னதைக் கலந்துகட்டிக் கெடுத்துவிடுகிறோமே என்பதுதான் வருத்தம்.

வெள்ளி, வியாழன் சந்திப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியர்களுக்கு வெள்ளி காதல் தெய்வம். வியாழன் தேவர்களின் அரசன். மேற்கத்திய ஜோதிடத்தில் இரண்டும் சுபர், அதாவது நன்மை தருபவை. நம் மரபில் சுக்கிரன் ஆண், அசுரர்களின் குரு. வியாழனோ தேவர்களின் குரு. எதிரெதிர் அணிகளின் ஆசான்கள் நேருக்கு நேர் நிற்கிறார்கள். சீன மரபிலோ வெள்ளி உலோகத்துக்கும் போருக்கும் உரியது. 'காதல் கைகூடும் நேரம்' என்று எழுதுகிறவர், எந்த மரபை வைத்துச் சொல்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், சேர்க்கையையும் கிரக யுத்தத்தையும் ஒன்றாக நினைப்பது. ஒரே ராசியில் இருந்தாலே சேர்க்கைதான். ராசியின் அகலம் 30 பாகை. யுத்தம் என்றால் ஒரு பாகைக்குள் வர வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலை வானத்துக்கு நேரே பிடியுங்கள்: அந்த விரலின் அகலம்தான் ஏறத்தாழ ஒரு பாகை. யுத்தமும் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்துக்கு மட்டுமே. சந்திரனோடு சேர்ந்தால் சமாகமம், சூரியனோடு சேர்ந்தால் அஸ்தமனம் என்கிறது பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம். ஒன்றை ஒன்று மறைத்தால் பேதம், விளிம்பு தொட்டால் உல்லேகம், கதிர்கள் உரசினால் அம்சுமர்த்தனம் என்று யுத்தத்திலும் வகைகள் உண்டு.

யார் வென்றது என்பதை இன்று மென்பொருள் காட்டும் பாகையை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். மங்கி, சிறுத்து, நிறம் கெட்டுத் தெரிவது தோற்றது. பெரிதாய்ப் பளிச்சென்று தெரிவது வென்றது என்பதே பழைய விதி. வெள்ளி எந்தப் பக்கம் நின்றாலும் பெரும்பாலும் அதற்குத்தான் வெற்றி என்றும் சூரிய சித்தாந்தம் சொல்கிறது. கிரகங்களிலேயே பிரகாசமானது அதுதானே! கண்ணால் பார்த்தவர்கள் எழுதிய விதி என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் 0.1 பாகைக்கு நெருங்கின. நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு! '800 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சந்திப்பு' என்று பரப்பினார்கள். சந்திப்பு 20 ஆண்டுக்கு ஒருமுறை வருவதுதான். 1623-லும் இதே அளவு நெருக்கம் இருந்தது, ஆனால் சூரியனுக்குப் பக்கத்தில். நன்றாகப் பார்க்கும்படி அமைந்தது அதற்கு முன் 1226-இல்தான். ராசியிலும் குழப்பம். சம இரவுப் புள்ளியிலிருந்து ராசியை எண்ணும் மேற்கத்திய சாயனக் கணக்கில் அது கும்பம், நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் நிரயணக் கணக்கில் மகரம். ஆங்கிலப் பலனை அப்படியே தமிழாக்கியவர்கள் ராசியையே மாற்றிவிட்டார்கள். 'இரண்டும் ஒன்றாகிவிட்டன' என்பதும் நம் பார்வைக் கோணம்தான். நடுவே சுமார் 73 கோடி கிலோமீட்டர் இடைவெளி இருந்தது.

பாபிலோனியர்கள் இத்தகைய குறிகளை அரசனுக்கும் நாட்டுக்கும் பார்த்தார்கள். அதைத் தனி ஒருவரின் வேலைக்கும் திருமணத்துக்கும் பொருத்துவது சரியில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு பயமுறுத்துவது. 1524 பிப்ரவரியில் கிரகங்கள் மீனத்தில் கூடியபோது பெருவெள்ளம் வரும் என்று ஐரோப்பா நடுங்கியது; வரவில்லை. 1962 பிப்ரவரியில் மகரத்தில் (சூரியன், சந்திரன், கேதுவையும் சேர்த்து) எட்டுக் கிரகங்கள் கூடியபோது இந்தியா முழுக்க யாகங்கள் நடந்தன, உலகம் அழியவில்லை. அந்தக் கூட்டம் சூரியனை ஒட்டியே இருந்ததால், சாதாரணமாக வானைப் பார்த்த யாருக்கும் தெரியக்கூட இல்லை.

2040 செப்டம்பர் தொடக்கத்தில் ஐந்து கிரகங்களும் பத்துப் பாகைக்குள் கூடப்போகின்றன. சூரியன் மறைந்ததும் மேற்கே பார்த்து, நீட்டிய கையில் முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். ஐந்தும் ஏறக்குறைய அந்த அகலத்துக்குள் இருக்கும்.