வீட்டில் டீசல் ஜெனரேற்றர் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய பிழைகள்

போன மாரியில் கோண்டாவிலில் ஒரு தம்பி, தான் கட்டிய ஜெனரேற்றரைப் பார்க்க வரச் சொன்னார். பழைய லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லுக் கை உழவு மெஷின்) இருந்து இறக்கிய 12 குதிரைவலு டீசல் எஞ்சின், புதிதாக வாங்கிய 5 கிலோவாற் டைனமோ, நடுவில் இரண்டு பெல்ட். இரும்புச் சட்டத்தின் வெல்டிங் வேலை அவ்வளவு சுத்தம். ஸ்டார்ட் செய்து வோல்ட் மீற்றரைக் காட்டினார். முள் 230 இல் நின்றது.

"எப்படி அண்ணை?"

எனக்கு எஞ்சினின் சத்தம் பிடிக்கவில்லை. மணலில் புதைந்த வண்டியை இழுக்கும் மாடு மாதிரி முக்கிக்கொண்டிருந்தது. "வீட்டுக்குள்ள பிரிட்ஜ் ஓடுதோ தம்பி?" என்று கேட்டேன்.

"ஓடுது. ஆனால் பின்பக்கம் கொஞ்சம் கூடச் சுடுது."

முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதே கவலைதான் வருகிறது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றபோது நாங்கள் சொல்லித்தர ஆளில்லாமல், பொருளை எரித்து எரித்துத்தான் இதைப் படித்தோம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது புதிதாக ஒரு கூட்டம் இந்த வேலையில் இறங்கியது. நல்ல கைவேலைக்காரர்கள். ஆனால் நாங்கள் விட்ட அதே பிழையை அப்படியே விடுகிறார்கள். எஞ்சின் ஒயில் பாருங்கள், நட்டு இறுக்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

வோல்ட் மீற்றரை மட்டும் நம்புவது

தம்பியின் மெஷினுக்குத் திரும்ப வருவோம். என்னிடம் உள்ள மல்டிமீற்றரில் ஹேர்ட்ஸ், அதாவது கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தரம் முன்பின் மாறி ஓடுகிறது என்பதை அளக்கும் வசதி உண்டு. வைத்துப் பார்த்தால் 43. எங்களுடைய நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதில் ஒரு பாதிதான் அந்த வீட்டுக்குள் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

காரணம் புல்லி, பெல்ட் ஓடும் சில்லு. எஞ்சினிலும் 6 அங்குலம், டைனமோவிலும் 6 அங்குலம். பழைய இரும்புக் கடையில் கிடைத்த சோடி அது. சத்தமும் டீசலும் குறையட்டும் என்று எஞ்சினை 1300 சுற்றில் விட்டிருந்தார். டைனமோவும் 1300 தான் சுற்றும். இந்த டைனமோக்கள் பெரும்பாலும் நாலு காந்தமுனை உள்ளவை. நிமிடத்துக்கு 1500 தரம் சுற்றினால்தான் 50 ஹேர்ட்ஸ் வரும். 30 ஆல் வகுத்துப் பாருங்கள், 1300 சுற்றுக்கு 43. வேகம் குறைந்ததால் வோல்ட்டும் இறங்கியிருக்கிறது. அவர் டைனமோப் பெட்டிக்குள் வோல்ட்டைக் கூட்டும் திருகைத் திருகி 230 க்குக் கொண்டுவந்து விட்டார். முள் சரியான இடத்தில் நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

பிரிட்ஜின் கொம்பிரசருக்கும் கிணற்று மோட்டருக்கும் அது போதாது. அவற்றுக்குள் இருக்கும் இரும்பு இத்தனை ஹேர்ட்ஸுக்கு இத்தனை வோல்ட் என்ற கணக்கில் அளந்து செய்யப்பட்டது. ஹேர்ட்ஸ் குறைந்து வோல்ட் அப்படியே நின்றால், அந்த இரும்பு தாங்கக்கூடிய காந்தத்தைவிட அதிகம் அதற்குள் ஏறும். அதற்குப் பிறகு மோட்டர் இழுக்கும் கரண்ட் வேலைக்குப் போகாமல் சூடாகத்தான் மாறும். சுருளில் பூசிய வார்னிஷ் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். ஒரு நாளில் எரியாது, அதனால்தான் யாரும் ஜெனரேற்றரைச் சந்தேகிப்பதில்லை. இரண்டு மாரி போனபின் கொம்பிரசர் போகும். "பழைய பிரிட்ஜ்தானே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு புதிது வாங்குவார்கள். அதையும் அதே மெஷினில் கொழுவுவார்கள். எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

இப்போது இந்தப் பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்கிறது. எல்ஈடி பல்ப்புக்கும் போன் சார்ஜருக்கும் லப்டொப்புக்கும் 43 என்றாலும் 57 என்றாலும் ஒன்றுதான். வீடு முழுக்கப் பளிச்சென்று இருக்கும். குசினி மூலையில் பிரிட்ஜ் மட்டும் செத்துக்கொண்டிருக்கும்.

இதே பிழைக்கு மறுபக்கமும் உண்டு. அதற்கு நானே விலை கொடுத்தவன். 1993 இல் இணுவிலில், தண்ணீர் இறைக்கிற சின்ன எஞ்சின் ஒன்றில் டைனமோ பூட்டி வைத்திருந்தேன். அது டீசல் அல்ல; அந்தக் காலத்தில் எல்லோரையும் போலக் கொஞ்சப் பெற்றோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டுவது. ஒரு கலியாண வீட்டில் இரவு வீடியோப் படம் போடக் கேட்டார்கள். தொலைக்காட்சி, டெக், பந்தலில் 100 வாற் குண்டு பல்ப்புகள் ஆறோ ஏழோ. அவ்வளவையும் கொழுவியதும் வோல்ட் 190 க்கு இறங்கியது. நான் திராட்டிலைக் கூட்டிக் கூட்டி 230 க்கு ஏற்றி, அப்படியே கம்பியால் கட்டிவிட்டேன். படம் தொடங்கப்போகிறது என்று யாரோ பந்தல் பல்ப்புகளை ஒரேயடியாக நிற்பாட்டினார்கள். பாரம் விட்டதும் எஞ்சின் சீறியது. நான் ஓடிப்போய்க் கம்பியை அவிழ்ப்பதற்குள் தொலைக்காட்சியில் இருந்து புகை வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலிருந்து எவ்வளவோ பாடுபட்டுக் கொண்டுவந்த பெட்டி. அந்தக் கடனை இரண்டு போக வெங்காயக் காசில் அடைத்தேன்.

திராட்டில் வோல்ட்டைச் சரிசெய்யும் கருவி அல்ல. அது வேகத்துக்கு. வேகத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பது எஞ்சினில் இருக்கும் கவர்னரின் வேலை. அதைக் கம்பியால் கட்டினால் கவர்னர் இருந்தும் பயனில்லை.

சரி, செய்யவேண்டிய முறை இது. முதலில் எஞ்சினுக்குப் பிடித்த வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தம்பியுடையது 2000 சுற்றில் தன் முழு வலுவைத் தரும் எஞ்சின். 2000 ஐ 1500 ஆக்க வேண்டும். எஞ்சினில் 6 அங்குலப் புல்லி இருந்தால் டைனமோவில் 8 அங்குலம். பழைய லிஸ்டர் மாதிரி 650 சுற்றில் ஆறுதலாக அடிக்கும் எஞ்சின் என்றால் கணக்குத் தலைகீழ்: எஞ்சின் புல்லி டைனமோப் புல்லியைவிட 2.3 மடங்கு பெரிதாக இருக்கவேண்டும். கிடைத்த புல்லிக்கு எஞ்சினை வளைக்காமல், லேத் பட்டறையில் சரியான அளவில் கடைந்து எடுங்கள். அந்தச் செலவு ஒரு கொம்பிரசரின் விலைக்குக் கிட்டவும் வராது.

அதன்பின் பாரம் ஒன்றும் இல்லாமல் ஓடவிட்டு 52 ஹேர்ட்ஸில் வையுங்கள். பாரம் ஏறும்போது கவர்னர் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும், அப்போது 50 இன் அக்கம்பக்கத்தில் வந்து நிற்கும். ஹேர்ட்ஸ் சரியான பிறகுதான் வோல்ட் திருகைத் தொடவேண்டும். முழுப் பாரம் ஏறியதும் ஹேர்ட்ஸ் 47 க்குக் கீழே போனால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது எஞ்சினுக்கு மூச்சுக் காணாது. எது என்று அறிய எஞ்சின் தண்டிலும் டைனமோத் தண்டிலும் தனித்தனியே சுற்று எண்ணிப் பாருங்கள். மினுங்கும் துண்டு ஒட்டி, வெளிச்சம் பாய்ச்சி எண்ணும் சின்னக் கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. எங்களுக்கு அன்று அது இருந்திருந்தால் எத்தனை வீட்டுப் பொருள் தப்பியிருக்கும்!

தம்பி அடுத்த கிழமையே 8 அங்குலப் புல்லி போட்டார். எஞ்சின் முக்குவதை விட்டது, பிரிட்ஜின் சூடும் இறங்கியது. முன்னைவிடச் சத்தம் கூடத்தான். அதற்குப் பெரிய சைலன்சர் பூட்டலாம், வேகத்தைக் குறைக்கக் கூடாது.

மாற்றுச் சுவிச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் கொடுப்பது

மாற்றுச் சுவிச் என்பது வீட்டை வீதிக் கரண்டிலிருந்து பிரித்து ஜெனரேற்றருக்கு மாற்றுவது. அது இல்லாமல் ஜெனரேற்றரை வீட்டுப் பிளக்கில் கொழுவ, இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே வெட்டி எறியுங்கள். உங்கள் 230 வோல்ட் வீதி ட்ரான்ஸ்போமருக்குள் பின்பக்கமாகப் போய்ப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். லைன் திருத்தக் கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒரு வீட்டின் பிள்ளை.

அறைக்குள் வைப்பது

வேண்டாம். யன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம்.

கிணற்று மோட்டரைக் கடைசியில் போடுவது

மோட்டர் ஒன்று கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதை முதலில் போடுங்கள், மற்றவை பிறகு. எஞ்சினைத் தெரிவு செய்யும்போதும் ஒரு கிலோவாற்றுக்கு இரண்டு குதிரைவலு என்று கணக்குப் பிடியுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

தலையில் தொட்டி வைத்துத் தண்ணீரால் ஆறும் எஞ்சின்களுக்கு இது. எங்களுடைய நிலம் சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல் எஞ்சினின் உட்சுவரிலும் படியும். தொட்டியில் தண்ணீர் கொதித்து வற்ற வற்ற நீங்கள் புதிது ஊற்றுவீர்கள், கல் இன்னும் தடிக்கும். கடைசியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், சிலிண்டர் ஆறாது. நான் கழற்றிப் பார்த்த ஒன்றில் கால் அங்குலத்துக்குப் படிந்திருந்தது. கார்த்திகை மழையில் முடிந்தமட்டும் மழைத் தண்ணீர் பிடித்து வைத்து அதை ஊற்றுங்கள்.

டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலப்பது

மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தவர்கள் சொல்லும் யோசனை இது. அந்த எஞ்சின்கள் வேறு. டீசல் பம்பின் உள்பாகத்துக்கு டீசல்தான் மசகு. மிச்சம் பிடித்த காசைப் பம்ப் தின்றுவிடும்.

எஞ்சின் கட்டுமீறினால் என்ன செய்வது என்று யோசித்து வைக்காதது

கவர்னர் சிக்கினாலோ, எஞ்சின் தன் ஒயிலையே குடிக்கத் தொடங்கினாலோ வேகம் ஏறிக்கொண்டே போகும். டீசல் வருவதை நிற்பாட்டினாலும் சிலவேளை நிற்காது. காற்றை அடைக்கவேண்டும். காற்று உறிஞ்சும் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கையால் பொத்தப் போகாதீர்கள். சாக்கை வைத்தால் உள்ளே இழுத்துவிடும்.

கிணற்றடியில் டீசல் கான்

சுன்னாகச் சுற்றாடல் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனதை நாங்கள் கண்முன்னே பார்த்தோம். இந்தக் கல் நிலத்தில் மேலே சிந்துவது கீழே போகத் தடையில்லை. எஞ்சினுக்கும் கானுக்கும் அடியில் விளிம்பு வைத்த தகரத் தட்டு ஒன்று வையுங்கள். கழிவு ஒயிலை வேலியோரம் ஊற்றவேண்டாம்.

எர்த் இல்லாமல் ரிப் சுவிச்சை நம்புவது

வீட்டில் ரிப் சுவிச் இருக்கிறது, கரண்ட் அடித்தால் விழும் என்று நினைக்கிறோம். மின்சார சபைக் கரண்டில் விழும். உங்கள் டைனமோவின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் இருந்தால், ஒழுகும் கரண்ட் நிலத்தின் வழியாக டைனமோவுக்குத் திரும்பிவரப் பாதையே இல்லை. சுவிச் பேசாமல் இருக்கும். அதிலுள்ள ரெஸ்ட் (சோதனை) பொத்தானை அமத்திப் பார்த்துத் திருப்திப்படவும் வேண்டாம். அந்தப் பொத்தான் எர்த்தைப் பார்ப்பதில்லை. எர்த் இல்லாவிட்டாலும் சுவிச் டக்கென்று விழும். நியூட்ரலையும் எர்த்தையும் டைனமோவிலேயே இணைத்து, லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் மாற்றுச் சுவிச் போடவேண்டும். இதை மின்வேலை படித்த ஒருவரைக் கொண்டு செய்வித்து, அவரே கருவி வைத்துச் சோதித்த பிறகு பாவியுங்கள்.

எர்த் கம்பி அடிப்பது வலிகாமத்தில் லேசான காரியமில்லை. இரண்டு மூன்று அடியிலேயே கல் தட்டும். கல்லில் பாதி இறங்கிய கம்பியை வெட்டிவிட்டு மூடியவர்களை எனக்குத் தெரியும். கல் ஆழமாக உள்ள இடம் பார்த்து அடியுங்கள். ஆள் நின்று குளிக்கும் இடத்திலிருந்து தள்ளி, கிணற்றடித் தண்ணீர் ஓடி விழும் வாழைப்பாத்தி நல்ல இடம். சித்திரை வெயிலிலும் அந்த மண் காயாது.